இதனால் சகலமானவர்களுக்கும்

எங்க நைனா தமுக்கு அடிப்பார். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வெட்டியான் வேலை. பரம்பரையாக எங்கள் குடும்பத்தின் தலையில் கட்டப்பட்ட வேலை அது. நான் 1994-ல் சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஜூனியர் காப்பி ரைட்டராகச் சேர்ந்தேன். இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் ஓர் உறவு இருக்கிறது என்பது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. புரிய வைத்தவர் நைனாதான். அந்த உறவைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. சுயசரிதை எழுதுவது என் நோக்கமல்ல. ஆனால் நம் சனங்களின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் பாதி ஏட்டில் இருக்கிறது, பாதி வீட்டில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒன்றரை வருஷம் வேலை தேடினேன். கம்பெனிக்காரர்கள் ஒரு பரீட்சை வைத்தார்கள். பத்து இங்கிலீஷ் வாசகம் கொடுத்து தமிழில் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பிடித்திருந்தது. கடைசியாக ஒரு கேள்வி: "உங்க ஃபாதர் என்ன பண்றார்?"

"ரெவின்யூ டிபார்ட்மெண்ட்ல இருக்கார் சார்."

பொய் இல்லை. வெட்டியான் என்ற பெயர் போய் கிராம உதவியாளர் என்று ஆன பிறகு அது வருவாய்த் துறைதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லும்போது என் காது சூடானது எனக்குத் தெரியும். மாசம் 1,800 ரூபாய் சம்பளம் என்றார்கள். கேட்ட மாத்திரத்தில் காது ஆறிப்போனது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஆபீசில் புதிதாய்ச் சேர்கிறவர்களுக்கு ஒரு கதை சொல்வார்கள். சத்யஜித் ராய் 1943-ல் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற பிரிட்டிஷ் விளம்பரக் கம்பெனியில் ஜூனியர் விஷுவலைசராகத்தான் சேர்ந்தார், மாசம் 80 ரூபாய் சம்பளம், அங்கேயிருந்துதான் உலகத்துக்கே போனார் என்று. உண்மைதான். சொல்லாமல் விட்ட இன்னொரு உண்மையும் உண்டு. ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் எழுத்தாளர். சொந்த அச்சகம் வைத்திருந்தவர், படம் அச்சடிக்கிற தொழில்நுட்பத்தில் ஆராய்ச்சி செய்தவர். ராய் சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர். 80 ரூபாய் அவருக்குத் தொடக்கம் இல்லை, மூன்றாவது தலைமுறை. என் தாத்தா கையிலும் ஒரு கருவி இருந்தது. தமுக்கு. இரண்டுமே ஊருக்குச் சேதி சொல்கிற கருவிகள்தான். அச்சகக்காரர் என்ன அடிப்பது என்று அவரே முடிவு செய்தார். எங்க தாத்தாவுக்கு மணியக்காரர் முடிவு செய்தார்.

விளம்பரக் கம்பெனியில் வேலை நடக்கிற விதம் இது. பொருள் விற்கிறவர் கிளையண்ட். அவரிடம் போய்ப் பேசி, என்ன வேண்டும் என்று கேட்டு, ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வருபவர்கள் ஒரு பிரிவு. அந்தத் தாளுக்குப் பிரீஃப் என்று பெயர். அதை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் காப்பி ரைட்டரும் விஷுவலைசரும் உட்கார்ந்து வாசகமும் படமும் யோசிப்பார்கள். கிளையண்ட் சரி என்று சொன்ன பிறகுதான் அது எங்களிடம் வரும். இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம் எழுதுகிற எங்கள் எல்லாரையும் சேர்த்து 'லாங்வேஜ்' என்பார்கள். இங்கிலீஷ் மட்டும் லாங்வேஜ் கிடையாது, அது காப்பி!

இங்கிலீஷ் வாசகத்துக்கு விட்ட இடத்துக்குள் தமிழ் அடங்க வேண்டும். அடங்காது. "தமிழ் ரொம்ப நீளமா வருதே, வெட்டுங்க" என்பார்கள். வெட்டுவோம். பிறகு அதை டைப்செட் பண்ணி, புரோமைடு எடுத்து, ரப்பர் சொல்யூஷன் தடவி ஆர்ட்வொர்க்கில் ஒட்டி அனுப்புவார்கள். பத்திரிகையில் இடம் வாங்கிக் கொடுத்ததற்காகப் பத்திரிகைக்காரர் கம்பெனிக்கு நூற்றுக்குப் பதினைந்து கமிஷன் தருவார். வாசகத்துக்குத் தனியாக விலை இல்லை. இடத்துக்குத்தான் விலை. நைனாவுக்கும் சொல்லுக்குக் கூலி கிடையாது. அறுப்புக் களத்தில் போய் நின்றால் முறத்தில் நெல் போடுவார்கள். அதையும் அள்ளிப் போடுகிறவன் மனசைப் பொறுத்துத்தான்.

என் வாசகங்களை வாங்கிப் படித்துவிட்டு மேலே இருந்தவர், "நல்லா இருக்கு, ஆனா ஸ்லாங் வந்துடுது" என்று திருத்துவார். அந்த வருஷங்களில் விளம்பரத்தில் வந்த அம்மாக்கள் எல்லாரும் ஒரே தமிழ் பேசினார்கள். எங்கம்மா அப்படிப் பேசியதில்லை. எங்கள் சேரியில் ஒரு அம்மாவும் பேசியதில்லை. அந்த அம்மாக்களின் தமிழை நான் ரேடியோ கேட்டுக் கற்றுக்கொண்டேன். ஆறு மாசத்தில் நன்றாகவே எழுதினேன்.

1995 ஆடி மாசத்துக்கு ஒரு ஜவுளிக்கடைக்கு ரேடியோ விளம்பரம் வேண்டியிருந்தது. முப்பது விநாடி. யோசனை மேலே இருந்தே வந்துவிட்டது. "ஒரு தண்டோரா போடறவன். காமெடியா இருக்கணும். கொஞ்சம் தண்ணி போட்டிருக்கான். தள்ளுபடிய தப்புத் தப்பா சொல்றான். ஜனங்க திருத்தறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். "உனக்கு வில்லேஜ் தெரியுமே, நீயே எழுது" என்று என்னிடம் கொடுத்தார்கள்.

எனக்கு அப்போது வந்தது கோபம் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. வந்தது சந்தோஷம். மொழிபெயர்ப்பு இல்லாமல் தமிழிலேயே யோசித்து எழுதச் சொன்னது அதுதான் முதல் முறை. அரை மணி நேரத்தில் எழுதிவிட்டேன். மூன்று அடி, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு அடி. "இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கறது இன்னான்னா..." கடைசிச் சொல்லை இழுத்து மேலே கொண்டுபோய் விடுகிற இழுப்பு. எல்லாம் என் காதிலேயே இருந்தது. சின்ன வயசில் நைனா பின்னாடியே தெருத் தெருவாய் ஓடினவன் நான். ஸ்டூடியோவில் குரல் கொடுத்தவர் அந்த இழுப்பில் ஒரு விக்கலையும் சேர்த்தார். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மாசமே என் வேலையை நிரந்தரம் ஆக்கினார்கள்.

ஆடி முடிந்து ஊருக்குப் போனேன். நைனா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வந்தவனைப் பார்த்து வா என்றுகூடச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"ரேடியோல வருதே தமுக்கு, அது நீ எழுதனதா?"

"ஆமா நைனா. யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் இழுப்பு எனக்குத் தெரியாதா?"

பிறகு அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். வரி பாக்கிக்கு நைனா தமுக்கடித்துப் போயிருக்கிறார். ஊர்த் தெருப் பையன்கள், அவர் வாயைத் திறக்கும் முன்னால், அந்த விக்கலோடு விளம்பர வசனத்தைக் கத்தியிருக்கிறார்கள். டீக்கடையில் இருந்த பெரியவர்கள் சிரித்திருக்கிறார்கள். நைனா சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். சேதியை முடிக்காமல் பாதியில் திரும்பக் கூடாது.

"நான் என்னிக்காவது குடிச்சிட்டு அடிச்சிருக்கேனாடா?"

நான் பேசவில்லை.

"கர்ணம் சொன்னத நான் சொன்னேன். இப்ப வி.ஏ.ஓ. சொல்றத சொல்றேன். ஒரு வார்த்த மாத்திச் சொன்னா ஒதை வுழும், அதனால சொன்னேன். உனக்கு யார்ரா சொன்னது?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சொன்னவர்கள் உண்டு, ஒதைக்கிறவர்கள் யாரும் இல்லை. அதன் பிறகுதான் நான் தமுக்கின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பறை என்றால் மேளம் மட்டும் அல்ல, சொல் என்றும் பொருள். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். மணிமேகலையின் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. இந்திர விழா வரப்போகிறது என்று புகார் நகரத்துக்கு முரசறைந்து சொல்கிறான் ஒருவன். முரசு யானையின் பிடரியில் இருக்கிறது. அறைகிறவன் பழமையான குடியில் பிறந்தவன் என்று சாத்தனார் மரியாதையாகச் சொல்கிறார். அவன் தேதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவனும் அல்ல. தெருவில் பழைய மணலை மாற்றிப் புது மணல் போடு, பகைவனோடும் சண்டை பிடிக்காதே என்றெல்லாம் நகரத்துக்கே சொல்கிறான். அரசனின் சேதியை முரசறைந்து சொல்கிறவர்களுக்கு வள்ளுவர் என்ற பெயர் பெருங்கதை போன்ற பழைய நூல்களில் வருகிறது.

யானையின் மேல் இருந்தவன் எப்படிக் கீழே இறங்கி, செருப்பில்லாத காலோடு ஊர்த் தெருவின் ஓரத்தில் நின்றான்? பூர்வ பௌத்தர்களே பறையர் என்று இழிவுபடுத்தப்பட்டார்கள் என்று அயோத்திதாசர் ஒரு விடை சொன்னார். ஏற்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. நான் பார்த்தது அதன் கடைசிப் பகுதியை. சொல்லுகிற வாயையும் எழுதுகிற கையையும் சாதி தனித்தனியாகப் பிரித்து வைத்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு கர்ணம் படிப்பார். வெட்டியான் தள்ளி நின்று கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போய்ச் சொல்வார். எங்க தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜப்தி ஏலம், கிஸ்தி, ஏரித் தண்ணி, காணாமல் போன மாடு, அம்மன் கோயில் கூழ் ஊற்றுகிற நாள், எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரிந்தது. திருவிழாவை ஊருக்கு அறிவித்த மனுஷன் திருவிழா அன்றைக்குக் கோயிலுக்குள் போக முடியாது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பத்து மைல் நடந்துபோய்ச் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்ல வேண்டும். அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும்.

வாய் மட்டும் வேண்டும், கண் திறக்கக் கூடாது. இது என் கற்பனை இல்லை. 1931-ல் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் நம் மக்கள் மேல் பதினோரு தடைகள் போட்டார்கள். ஜே.எச். ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். அதில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது.

இப்படிப் பிரித்துவைத்த வாயையும் கையையும் நம் முன்னோர்கள் மறுபடி ஒட்டவைத்தார்கள். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். 1869-ல் 'சூரியோதயம்', 1871-ல் 'பஞ்சமன்', 1885-ல் 'திராவிட பாண்டியன்' என்று நம்மவர்களின் இதழ்கள் வந்திருக்கின்றன. இந்த வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் 2017-ல் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற புத்தகமாக எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் வருகிற இரண்டு இதழ்களை ஒரு காப்பி ரைட்டராக இருந்து நான் படித்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, ரெட்டமலை சீனிவாசனின் 'பறையன்'. 1893 அக்டோபரில் தொடங்கியது. நான்கு பக்கம், இரண்டணா விலை. விளம்பரத்துக்கும் முதல் இதழ் அச்சுக்கும் சேர்த்து பத்து ரூபாய் செலவு, சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதி விற்றது என்று 1939-ல் வெளியிட்ட தன் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கணக்குச் சொல்கிறார். மூன்று மாசத்தில் வார இதழ் ஆனது. பிறகு சொந்த அச்சுக்கூடமும் வந்தது. சீனிவாசன் பிறந்த கோழியாளம் எங்கள் பக்கத்துச் சீமை. மதுராந்தகம் தாண்டினால் எங்கள் ஊர் தூரமில்லை. இருந்தும் எம்.ஏ. வரைக்கும் யாரும் எனக்கு அவர் பெயரைச் சொல்லித் தரவில்லை. எந்தச் சொல்லை வைத்து ஊர் நம்மை வைததோ, அந்தச் சொல்லையே எடுத்துப் பத்திரிகைக்குத் தலைப்பாக வைத்தார். நான் 'ரெவின்யூ டிபார்ட்மெண்ட்' என்று சொல்லி நூறு வருஷத்துக்கு முன்னால்!

இரண்டாவது, அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்'. 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையில் இருந்து வந்தது. விலையையே பெயராக வைத்துவிட்டார். இதை யார் வாங்கலாம் என்ற கேள்விக்கு மூன்று சொல்லில் பதில். எத்தனையோ மீட்டிங்கில் உட்கார்ந்து பெயர் யோசித்தவன் நான், இதைவிட நேரான பெயரை நான் பார்த்ததில்லை. 1908 ஆகஸ்டில் 'தமிழன்' என்று மாறியது. 1914-ல் அவர் சாகும்வரை நடத்தினார். ஞான. அலாய்சியஸ் 1999-ல் அவர் எழுத்துக்களைத் தொகுத்துக் கொண்டுவந்த பிறகுதான் என் கைக்கு வந்தது. அதற்குள் நான் அந்தத் தமுக்கு விளம்பரத்தை எழுதி நாலு வருஷம் ஆகிவிட்டது.

மூன்றாவதாக ஒன்று, மராத்தியத்தில் நடந்தது. அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-ல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். இப்படி ஓர் இதழ் வருகிறது என்று திலகரின் 'கேசரி'யில் விளம்பரம் போடக் கேட்டார்கள். காசு கொடுத்தும் போட மறுத்துவிட்டார்கள். திலகர் அப்போது உயிரோடு இருந்தார் என்று தனஞ்சய் கீர் எழுதுகிறார். விளம்பரத் தொழிலில் பணம் கொடுத்தால் இடம் கிடைக்கும் என்பது பால பாடம். அந்தப் பாடம் நமக்குப் பொருந்தவில்லை. சந்தை சாதி பார்க்காது என்று சொல்கிறவர்களிடம் இந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும்.

அடுத்த வருஷம், 1996. ஜவுளிக்கடைக்காரர் அதே தண்டோராக்காரன் மறுபடி வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "எங்கப்பா தண்டோரா போடறவர். அவர் குடிக்க மாட்டார்" என்றேன். அந்த ஆபீசில் நான் யார் என்று என் வாயால் சொன்னது அன்றைக்குத்தான். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு மேலே இருந்தவர் அன்பாகவே சொன்னார்: "இங்க யாரும் ஜாதி பாக்கறதில்லையேப்பா." விளம்பரத்தை வேறொருவர் எழுதினார். அதே விக்கலோடு ரேடியோவில் வந்தது. நான் ராஜினாமா செய்யவில்லை. இன்னும் மூன்று வருஷம் அங்கேயே இருந்தேன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கின கடன் இருந்தது. அதே 1996-ல்தான் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டில்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிப் பார்த்து, ஒருவரும் கிடைக்கவில்லை என்று 'பயனீர்' பத்திரிகையில் எழுதினார். 2019-ல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் செய்தி நிறுவனங்களை எடுத்து எண்ணினார்கள். தலைமைப் பொறுப்பு 121. அதில் உயர்சாதியினர் 106. தலித், பழங்குடி ஒருவர்கூட இல்லை.

ஆள் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 2023 ஜூனில், சுற்றுச்சூழல் தினத்துக்கென்று ஸொமாட்டோ ஒரு விளம்பரம் வெளியிட்டது. 2001-ல் வந்த 'லகான்' படத்தில் கச்ரா என்ற தீண்டப்படாதவன் பாத்திரம் உண்டு. கச்ரா என்றால் குப்பை. அந்த நடிகரையே கூப்பிட்டு, குப்பையில் இருந்து செய்த விளக்காகவும் மேசையாகவும் உட்கார வைத்தார்கள். இயக்குநர் நீரஜ் கய்வான் போன்றவர்கள் கண்டித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். தேசிய தாழ்த்தப்பட்டோர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 'அந்த அறையில நம்மாளு ஒருத்தர் இருந்திருந்தா இது நடந்திருக்குமா?' என்று நண்பர்கள் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. 1995-ல் அந்த அறையில் நான் இருந்தேன். இருந்தும் நடந்தது. நடத்தியதே நான்தான். ஒற்றை ஆளாக, அப்பன் வேலையை மறைத்துக்கொண்டு, சம்பளம் நிரந்தரம் ஆகாமல் உட்கார்ந்திருக்கிறவன் வாயில் முடியாது என்ற சொல் எப்படி வரும்? தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு வேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். கூடவே, உள்ளே போகிற பிள்ளை முடியாது என்று சொன்னால் அவன் பின்னால் நிற்க நமக்கென்று பத்திரிகையும், அமைப்பும், வரலாறும் வேண்டும். சீனிவாசனும் அயோத்திதாசரும் அச்சுக்கூடத்தைத் தேடிப் போனது அதற்காகத்தான்.

90-களில் நம்மிடையே ஒரு விவாதம் நடந்தது. பறை இழிவின் அடையாளம், சாவுக்கு அடிக்க மறுப்போம் என்று ஊர் ஊராய்ப் போராட்டம் நடந்தது. பறை நம் கலை, மேடையில் ஏற்றுவோம் என்று இன்னொரு குரல் வந்தது. நான் இரண்டு பக்கமும் கை தட்டியிருக்கிறேன். நைனாவிடம் கேட்டபோது, "அடிக்கறதுல இன்னாடா இழிவு, அடிடான்னு ஒருத்தன் சொல்றான் பாரு, அதான்" என்றார். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடும் வழக்கம் இனிக் கூடாது, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்று கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். நல்ல காரியம். நைனா அதைக் கேட்க உயிரோடு இல்லை.

போன வருஷம் எங்கள் காலனிப் பொண்ணு ஒருத்தி சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஜூனியராகச் சேர்ந்தாள். எனக்குத் தெரிந்த புத்தியைச் சொல்லலாம் என்று கூப்பிட்டு உட்கார வைத்தேன். என் இன்டர்வியூ கதையைச் சொல்லி, "நீ மறைக்காத" என்றேன். அவள் சிரித்தாள்.

"நான் எதுக்கு மாமா மறைக்கறேன்? அப்பா துப்புரவு வேலன்னு சொல்லிட்டுத்தான் சேந்தேன். என் டேபிள்ல அம்பேத்கர் படம் இருக்குது. அதுக்கே ரெண்டு பேரு மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்கறாங்க."

என் புத்திமதி அத்தோடு முடிந்தது. கிளம்பும்போது அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு பைசாத் தமிழன்னு எழுதியிருக்குதே, இந்தப் பேரு யாரு வெச்சது?" புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்னும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.